ஒன்றும் புதிதாகச் செய்யாத பேட்ச்

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவும் நலம். நீ மலையைக் குடையும் சுரங்கத்துக்குள் வேலை பார்ப்பதை அம்மா பக்கத்து வீட்டில் "பெரிய இடத்துல இருக்கா" என்று சொல்லிவைத்திருக்கிறாள். அங்கே போன் எடுக்காது, தபால் வாரம் ஒருமுறை காய்கறி லாரியில் வரும் என்றாயே, அதனால்தான் இந்தக் கடிதம். முட்டைக்கோஸ் வாசனை அடித்தால் என்னைக் குறை சொல்லாதே.

இரண்டு செய்தி. முதலாவது, செயற்கைக்கோள் குழுவுக்கு என்னைத் தலைவனாக்கிவிட்டார்கள். போட்டி இல்லை. வேலை தெரிந்தவர்கள் யாருக்கும் நேரமில்லை. இரண்டாவது, ஐந்து வருஷமாக அலமாரியில் இருக்கும் நம் செயற்கைக்கோள் பெட்டிக்கு ராக்கெட்டில் இடம் கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் கடைசிக்குள் ஒப்படைக்க வேண்டும். தவறினால் அந்த இடம் பக்கத்துக் கல்லூரிக்குப் போய்விடும். அவர்களுடைய செயற்கைக்கோள் இப்போதைக்கு ஒரு சின்னமாகவும் நாற்பது பனியன்களாகவும் இருக்கிறது.

நீ முதல் பேட்ச், நாங்கள் நான்காவது. நடுவில் நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. இரண்டாவது பேட்ச் உங்கள் சட்டகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது செய்தது. மூன்றாவது பேட்ச் இரண்டாவதின் பேட்டரியையும் மென்பொருளையும் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு பேட்சும் முடிக்கப்போகிற சமயம் பார்த்துப் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டது. தொடக்கத்திலிருந்து இன்றுவரை மாறாமல் இருப்பவை இரண்டு: உன் ரேடியோ, சரியாக மூடாத அலமாரிக் கதவு.

இந்தத் தடவை பறந்தே ஆகவேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

கடிதம் வெங்காய வாசனையோடு வந்தது. நான் சுகம். இங்கே என் வேலை சுரங்கத்துக்குள் காற்று அனுப்புவது: விசிறிகள், குழாய்கள், விஷவாயு வந்தால் கத்தும் கருவிகள். எனக்குக் 'காற்றம்மா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் நின்றுவிட்டால் நூற்றிருபது பேரும் நின்றுவிடுவார்கள் என்பதால் மரியாதைக்குக் குறைவில்லை.

தலைவனானதற்கு வாழ்த்து. எங்கள் பேட்சில் பெட்டிக்குப் பெயர் வைக்கவே நான்கு மாதம் ஆனது. பதினாறு கூட்டம் போட்டு ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தோம். துணைவேந்தர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, தன் உரையில் வேறு பெயரைச் சொல்லிவிட்டார். அதுவே நிலைத்தது.

சூரியத் தகடுகளை ஒட்டிய பசை இன்னும் பிடித்திருக்கிறதா? பெட்டியின் மூலைகளில் கீறல் இருக்கிறதா? கீறல் இருந்தால் ராக்கெட்டின் வெளியேற்றும் குழாயில் சிக்கும். ஆன்டெனாவைச் சுற்றிக் கட்டும் நைலான் இழை எந்தச் சுருளிலிருந்து எடுக்கிறீர்கள்? பேராசிரியர் இன்னும் எல்லாவற்றுக்கும் "பார்க்கலாம்" என்றுதான் சொல்கிறாரா?

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பசை பிடித்திருக்கிறது. கீறல் இல்லை. பேராசிரியர் "பார்க்கலாம்" என்பதிலிருந்து "பார்ப்போம்" என்பதற்கு முன்னேறியிருக்கிறார்.

முதல் கூட்டம் நடந்தது. பதினோரு பேர். ஒவ்வொருவரும் ஒரு முன்னேற்றத்தோடு வந்திருந்தார்கள். புதிய தகடு, புதிய மென்பொருள், பெட்டிக்கு உருண்டையான மூலை. இருப்பதே போதும் என்று சொன்ன ஒரே ஆள் டீ கொண்டுவந்தவர். அவரும் டீயைப் பற்றித்தான் சொன்னார்.

குழுவில் உனக்குத் தெரியவேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி 'பேட்டரி'. மின்சாரம் அவள் பொறுப்பு, அவளும் சோர்ந்து யாரும் பார்த்ததில்லை. இன்னொருவன் 'தந்தி'. மூன்றாம் ஆண்டு மாணவன், ரேடியோ மூளை. ஒரு வாக்கியத்தில் மூன்று சொல்லுக்கு மேல் செலவழிக்க மாட்டான், அந்த மூன்றில் ஒன்று "தப்பு" என்றிருக்கும்.

என் பங்குக்கு ஒரு கேமரா செய்யப்போகிறேன். இந்தப் பெட்டியிலிருந்து பூமியைப் படமெடுத்தால் எப்படியிருக்கும், யோசித்துப் பார். இதுவரை எந்த பேட்சும் செய்யாதது.

ரேடியோ பற்றித் தனியாக எழுதுகிறேன். தாளில் இடமில்லை.

தம்பி


ஏப்ரல் 16

தம்பிக்கு,

நான் நலம். நீ நலமா? இங்கே பத்து நாளாகப் பாறையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. பெரிய பம்பு உட்கார்ந்துவிட்டது. புதியது வர ஒரு மாதமாகும் என்றார்கள். மூன்று சின்ன பம்புகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஏணி மாதிரி தண்ணீரை ஏற்றினோம். பார்க்கச் சகிக்காது. ஆனால் தண்ணீர் மேலே போகிறது.

உருண்டை மூலை வேண்டாம் என்று குழுவிடம் என் பெயரைச் சொல்லாமல் சொல்.

கேமராவின் எடை என்ன?

அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமானதற்குத் தேர்வு காரணம். தேர்வுக்கு முன்னால் கேமரா காரணம்.

கேமரா வேலை செய்கிறது. எடை எழுபத்திரண்டு கிராம். லென்ஸை ஒரு பழைய கதவுமணிக் கேமராவிலிருந்து கழற்றி, விளிம்பை நானே தேய்த்தேன். முதல் படம் ஆய்வகத்தின் கூரை விசிறி. இரண்டாவது படம் பேராசிரியரின் வழுக்கை. வெயில் அதில் பட்டுத் தெறித்ததில் படம் வெளுத்துவிட்டது. ஆனால் கடல் மேல் சூரியன் பட்டாலும் அப்படித்தான் ஆகும் என்பதால் அதையே வைத்து வெளிச்ச அளவைச் சரிசெய்துகொண்டேன். அவரும் ஒத்துழைத்தார். அறிவியலுக்காக அரைமணி நேரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

பல்கலைக்கழகப் பதிவாளர் வந்து பார்த்தார். "இந்த வருஷம் புதுசா என்ன?" என்று கேட்டார், ஆண்டு மலருக்காக. கேமராவைக் காட்டினேன். குனிந்து லென்ஸில் முகம் பார்த்துத் தலையைச் சீவிக்கொண்டார். அட்டைப்படம் அதுதான் என்று முடிவாகிவிட்டது.

அம்மா உன்னைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருக்கிறாள். ஒரு வரி எழுதிப்போடு.

தம்பி


ஜூன் 18

தம்பிக்கு,

அம்மாவுக்கு எழுதிவிட்டேன். நான் நலம். காய்கறி லாரி இரண்டு தடவை வந்துபோனது, இரண்டு தடவையும் கடிதம் கொடுக்காமல் விட்டேன்.

மார்ச் மாதக் கடிதத்தில் தாளில் இடமில்லை என்று எழுதியிருந்தாய். கீழே அரைப் பக்கம் காலியாக இருந்தது. மே மாதக் கடிதத்தில் லென்ஸ் இருக்கிறது, வழுக்கை இருக்கிறது, பதிவாளரின் சீப்பு இருக்கிறது. அந்தப் பெட்டி மேலே போய் எதைக்கொண்டு பேசப்போகிறது என்று ஒரு வரி இல்லை.

நானும் கேட்கவில்லை. பசையைக் கேட்டேன், இழையைக் கேட்டேன், கேமராவின் எடையைக்கூடக் கேட்டேன். இப்போது கேட்கிறேன்.

என் ரேடியோ போர்டு எங்கே இருக்கிறது?

அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரித்து எழுதத் தகுதியில்லை, நேராகச் சொல்கிறேன்.

மார்ச் கூட்டத்திலேயே வாக்கெடுப்பு நடந்தது. உன் ரேடியோவை நம் பிள்ளைகள் 'கட்டைவண்டி' என்பார்கள், மெதுவாகப் பேசுகிறதென்று. தந்தி வரைந்த புதிய ரேடியோ எட்டு மடங்கு வேகம். ஒன்பது பேர் புதிதுக்குக் கை தூக்கினார்கள். பேட்டரியும் இன்னொருத்தியும் தூக்கவில்லை. ஒன்பதில் நானும் உண்டு. என் கேமராவுக்கு அந்த வேகம் வேண்டியிருந்தது.

உன் போர்டை யாரும் தூக்கி எறியவில்லை. சிவப்பு வெல்வெட்டில் ஒட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு, ஆய்வகச் சுவரில் மாட்டியிருக்கிறோம். மேலே ஒரு சின்ன விளக்கு. கீழே 'எமது முன்னோடிகளுக்கு' என்று எழுதியிருக்கிறது.

தந்தியின் ரேடியோ மேசையில் இரண்டு மாதம் பிரமாதமாக ஓடியது. போன வாரம் வெற்றிட அறையில் வைத்தோம். காற்றை உறிஞ்சியதும் சூடேறி, கால்மணி நேரத்தில் செத்துவிட்டது. இன்னொன்று செய்தோம், அதுவும் செத்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆனது. ஆய்வகம் புழுக்கமாக இருக்கிறதென்று தந்தி தன் மேசையில் ஒரு விசிறி வைத்திருந்தான். இரண்டு மாதமும் அந்த விசிறிதான் ரேடியோவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. மேலே காற்று இல்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய கேள்வி அது.

மூன்று வாரம் கொடுத்தால் சரிசெய்துவிடுவேன் என்கிறான் தந்தி. பேராசிரியர் உன்னை ஒரு வாரம் விடுப்பெடுத்து வரச்சொல்லி எழுதச் சொன்னார். நானும் கேட்கிறேன்.

தம்பி


ஜூலை 11

தம்பிக்கு,

வர மாட்டேன்.

கோபத்தில் சொல்லவில்லை. கோபம் இருந்தது. விளக்கு வேறு போட்டிருக்கிறீர்கள் என்று படித்தபோது, உயிரோடு இருக்கிறவளுக்கு இரங்கல் கூட்டம் நடத்தி, அவளையே தலைமை தாங்கக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. அதைப் பம்புகளிடம் காட்டித் தீர்த்துக்கொண்டேன்.

வராததற்குக் காரணம் வேறு. வந்தால் நானும் மேம்படுத்துவேன். அந்தப் போர்டில் எங்கே எது மட்டம் என்று என்னைவிட யாருக்கும் தெரியாது. இங்கே சாயங்காலங்களில் வேறு வேலை இல்லை. உட்கார்ந்து உட்கார்ந்து இன்னொரு ரேடியோவே வரைந்து முடித்திருக்கிறேன். பழையதைவிட நல்லது. தந்தியுடையதைவிடவும் நல்லது, சூடேறாது. அதை அனுப்ப மாட்டேன், கேட்காதே. அனுப்பினால் நீங்கள் செய்ய ஆரம்பிப்பீர்கள். ஆகஸ்ட் போய்விடும். பக்கத்துக் கல்லூரியின் பனியன் ராக்கெட்டில் போகும். ஐந்தாவது பேட்ச் எனக்கு இரண்டாவது சட்டம் மாட்டும்.

பழைய போர்டைப் போடு என்றும் சொல்ல மாட்டேன். அக்கா சொன்னாள் என்றாகிவிடும். அதே வெற்றிட அறையில், அதே சூட்டில், அதே குளிரில் அதையும் வை. பிழைத்தால் என்ன செய்வதென்று உங்களுக்குத் தெரியும். செத்தால் திரும்ப மாட்டிவிட்டு விளக்கைப் பெரிதாகப் போடுங்கள்.

அக்கா


ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கைவிரல்களில் மட்டும் பசை.

வெல்வெட்டைப் பிரிக்க இரண்டு நாள் ஆனது. எங்கள் மரியாதை அவ்வளவு பலமாக ஒட்டியிருந்தது. பேட்டரி பல்துலக்கும் பிரஷ்ஷால் சிவப்பு நூலை ஒவ்வொன்றாக எடுத்தாள். பிறகு வெற்றிட அறை. நான்கு நாள் சூட்டிலும் குளிரிலும் மாறிமாறி வைத்தோம். தந்தியே பக்கத்தில் உட்கார்ந்து காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டான். அது சாகும் என்று எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்தான். ஐந்தாம் நாள் காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, "ஓடுது" என்றான். அவன் ஒரே சொல்லில் பேசியது அன்றுதான் முதல்தடவை.

மறுநாள் கூட்டம். பழைய ரேடியோவைப் போடலாம் என்றேன்.

"நீயும்தானே கை தூக்கின?" என்றான் தந்தி.

"தூக்கினேன். இப்ப இறக்கிட்டேன்."

"உங்க அக்கா போர்டு. அதான்."

உருண்டை மூலைக்காரன் கூரையைப் பார்த்தான். தந்தி சொன்னதில் கொஞ்சம்கூட உண்மை இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

"சரி, என் கேமராவும் போகல," என்றேன். "பழைய ரேடியோல படம் அனுப்பணும்னா மென்பொருளை மாத்தணும். மாத்தினா எல்லாச் சோதனையும் முதல்லேருந்து. ஆகஸ்ட் அம்பேல். இனிமே யாரும் புதுசா ஒண்ணும் செய்யப்போறதில்ல. புது மூலை கிடையாது, புது தகடு கிடையாது, கேமரா கிடையாது. இருக்கிறதை மூடி, திருகி, குடுத்துடப் போறோம். ஒண்ணுமே செய்யாத பேட்ச்னு பேர் வரட்டும்."

"ஆண்டு மலர்ல என்ன போடுவாங்க?" என்று பேட்டரி கேட்டாள்.

"பதிவாளர் படம்."

வாக்கெடுப்பு வேண்டாம் என்று தந்தி சொன்னான். கோபித்துக்கொண்டு வெளியே போனான். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து உன் போர்டுக்கு இணைப்புக் கம்பிகளைப் பற்றவைக்க ஆரம்பித்தான். அந்தக் கைக்குத் தனி அழகு, அக்கா. நீ பார்க்கவேண்டும்.

இப்போது பெட்டிக்குள் இருப்பது ஒரு பேட்டரி, ஒரு ரேடியோ, ஒரு வெப்பமானி. நான்கு பேட்ச் பிள்ளைகள் ஐந்து வருஷம் பாடுபட்டு வானத்துக்கு ஒரு வெப்பமானி அனுப்புகிறோம். கேமராவை எடுத்ததும் பெட்டியின் சமநிலை தவறியது, அதனால் அதே எடையில் ஓர் அலுமினியக் கட்டையை அந்த இடத்தில் திருகியிருக்கிறேன். விண்வெளிக்கு என் பங்களிப்பு அந்தக் கட்டை.

திருப்புளிப் பெட்டியின் சாவி பேட்டரியிடம் இருக்கிறது. நேற்று தந்தி போய், "ஒரே ஒரு கெப்பாசிட்டர்" என்று கெஞ்சினானாம். கொடுக்கவில்லை. நானும் போய்க் கேட்டேன், வேறு காரணம் சொல்லி. எனக்கும் கொடுக்கவில்லை.

தம்பி


ஆகஸ்ட் 21

தம்பிக்கு,

நலம். இங்கே மழை. பெரிய பம்பு வந்துவிட்டது, சின்ன பம்புகளை எடுக்கச் சொன்னார்கள். எடுக்கவில்லை.

கேமராவைப் பற்றி ஒன்றும் எழுத மாட்டேன். எழுதினால் ஆறுதல் மாதிரி ஆகிவிடும். உனக்கு அது பிடிக்காது, எனக்கு எழுத வராது.

பேட்டரிக்கு என் வணக்கத்தைச் சொல். தந்திக்கும் சொல். மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம்.

ஒப்படைத்ததும் எழுது.

அக்கா


நவம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஒப்படைத்ததை ஒரு அட்டையில் எழுதிப்போட்டேன், அது லாரியில் உருளைக்கிழங்குக்கு அடியில் போயிருக்கும். இதை நீளமாக எழுதுகிறேன்.

ராக்கெட் நேற்று முன்தினம் காலை கிளம்பியது. நம் பெட்டி வெளியே தள்ளப்பட்டது என்று தகவல் வந்தது. அது எங்கள் ஊர் வானத்தைத் தாண்டும்போது சுமார் பத்து நிமிஷம்தான் கேட்க முடியும். அந்தப் பத்து நிமிஷத்துக்குத் துணைவேந்தர், பதிவாளர், நாற்பது நாற்காலி, ஒரு பொன்னாடை, எல்லாம் தயார். பொன்னாடை யாருக்கு என்று கடைசிவரை சொல்லவில்லை.

முதல் தடவை தாண்டியது. இரைச்சல் மட்டும். துணைவேந்தர் இரைச்சலுக்குக் கை தட்டிவிட்டார், பிறகு பதிவாளர் விஷயத்தைக் காதில் சொன்னார். ஒன்றரை மணி நேரம் கழித்து இரண்டாவது தடவை. அப்போதும் இரைச்சல். துணைவேந்தர் எழுந்து, தோல்வியும் ஒரு பாடமே என்று நன்றாகப் பேசினார். அந்த உரை கையோடு எழுதி வந்த உரை. எல்லோரும் போனார்கள். நாற்காலிக்காரர்கள் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். பொன்னாடை மேசை மேல் கிடந்தது.

பேராசிரியர் மட்டும் போகவில்லை. "பார்க்கலாம்," என்றார். இந்தத் தடவை உண்மையாகவே பார்க்க உட்கார்ந்தார்.

சாயங்காலம் மூன்றாவது முறை. கணினி தானாகவே அலைவரிசையைத் தேடும்படி வைத்திருந்தோம். பெட்டி வானத்தில் ஏறி இரண்டு நிமிஷம் ஆனதும் தந்தி கணினியை அணைத்துவிட்டான். நான் கத்த வாயெடுத்தேன். அவன் கையால் குமிழைக் கீழே திருகினான், கொஞ்சம் கொஞ்சமாக. "நாலு நாள் கேட்டேன்ல," என்றான். "குளிர்ல அலைவரிசை இறங்கிடும். கணினிக்கு இதைச் சொல்லலை."

பிறகு கேட்டது. கட்டைவண்டிதான், அதே மெதுவான நடை. நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். பேட்டரி ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுப் படித்தாள். பெட்டியின் பேட்டரி நிறைந்திருக்கிறது. உள்ளே வெப்பம் நான்கு டிகிரி. தந்தி குமிழிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பெட்டி தொடுவானத்தில் மறைந்த பிறகும் பிடித்துக்கொண்டிருந்தான். பொன்னாடையைப் பேராசிரியர் எடுத்து அவனுக்குப் போர்த்தினார். அவன் அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பதிவாளருக்குப் போன் போட்டேன். மகிழ்ச்சி என்றார், படம் எப்போது வரும் என்று கேட்டார்.

இன்று காலை ஐந்தாவது பேட்ச் பிள்ளைகள் ஆய்வகத்துக்கு வந்தார்கள். ஒருத்தன் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, அந்த ரேடியோ ரொம்ப மெதுவாக இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் வேகப்படுத்தலாமே என்றான். தந்தி ஜன்னலைத் திறந்து மேலே காட்டினான்.

"போ," என்றான். "வேகப்படுத்திட்டு வா."

தம்பி


டிசம்பர் 3

தம்பி,

எவ்வளவு கீழே? கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினான் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் என்பது ஓர் அளவா? தந்தியைக் கேட்டுச் சரியாக எழுது.

பூமியின் நிழலுக்குள் போய் எத்தனை நிமிஷத்தில் இறங்க ஆரம்பிக்கிறது? வெயிலுக்கு வந்ததும் பழைய இடத்துக்கு ஏறுகிறதா, பாதியில் நிற்கிறதா? ஏறும்போது நடுங்குகிறதா? சத்தம் சுத்தமா, கரகரப்பா? கரகரப்பு என்றால் ஒவ்வொரு எண்ணின் தொடக்கத்திலா, முடிவிலா? தொடக்கத்தில் என்றால் எனக்குக் காரணம் தெரியும். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் மூச்சு இழுக்கிற அளவுக்கு ஓர் இடைவெளி விட்டிருந்தேன். அது கேட்கிறதா? அடுத்தடுத்த பேட்சில் யாராவது அதை வெட்டி எறிந்துவிட்டார்களா? வெட்டியிருந்தால் யார் என்று சொல்ல வேண்டாம், வெட்டினார்களா என்று மட்டும் சொல்.

ஆன்டெனா இரண்டு பக்கமும் விரிந்ததா, ஒரு பக்கம் மட்டுமா? பெட்டி சுழலும்போது சத்தம் ஏறி இறங்கும், எத்தனை விநாடிக்கு ஒருமுறை என்று எண்ணு. பேட்டரியிடம் சொல்லி எண்ணு. நீ பாதியில் விட்டுவிடுவாய்.

ஒலிப்பதிவு இருந்தால் ஒரு பிரதி எடுத்து அனுப்பு. வெட்டாமல், சுத்தம் செய்யாமல், இரைச்சலோடு அனுப்பு.

லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். தக்காளி அழுகிவிடுமாம். அவரை நிறுத்திவைத்துக்கொண்டு சுரங்க வாசலில் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் வரிசையாகப் பதில் எழுது. உன் உடம்பு எப்படியிருக்கிறது என்பதை அம்மாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா